செவ்தா எண்ணிய நாலாவது பூ

செவ்தாவின் பூக்கடை இருந்த இடம் அப்படி. கடையிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் கல்லறைத் தோட்டம், வலப்பக்கம் திரும்பினால் கால்பந்து மைதானம். பூ வாங்க வருகிறவர் எந்தப் பக்கம் போகப்போகிறார் என்பதை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். இடப்பக்கம் போகிறவருக்கு இரட்டைப்படையில் பூ, வலப்பக்கம் போகிறவருக்கு ஒற்றைப்படையில். செத்தவர்களுக்கு இரண்டு, நாலு, ஆறு. உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்று, மூன்று, ஐந்து. எங்கள் ஊர் பிரெஸ்தோவோவில் இது பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இருபத்து மூன்று வயதில் தக்காளி டப்பா அடைக்கும் ஆலையை விட்டு இந்தக் கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். இப்போது அறுபத்தொன்று. இத்தனை வருஷத்தில் அவள் கையில் எண்ணிக்கை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. பேசிக்கொண்டே எடுப்பாள், திட்டிக்கொண்டே எடுப்பாள், ரேடியோவில் கோல் விழுந்தால் துள்ளிக்கொண்டே எடுப்பாள். தாளில் சுற்றிக் கொடுத்தால் சரியாக இருக்கும். வாங்கியவர் யாரும் திருப்பி எண்ணிப் பார்த்தது கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. "என் புருஷன் பேரு மறந்தாலும் மறக்கும், பூ எண்றது மறக்காது" என்பாள், புருஷன் தோப்ரி இருந்த காலத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

பூவுக்கு அடுத்து அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் பிரிஸ்தான். துறைமுகக் கூலிக்காரர்கள் தொடங்கிய கால்பந்து கிளப், சட்டை நீலமும் வெள்ளையும். முதல் டிவிஷனுக்கு ஒரே ஒரு முறை ஏறி, அடுத்த வருஷமே மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கி வந்த கிளப். ஆட்ட நாளில் கடையைப் பாதி இறக்கிவிட்டு ஓர் அட்டையைத் தொங்கவிடுவாள்: "மேட்ச்சுக்குப் போயிருக்கிறேன். செத்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்." கிழக்கு ஸ்டாண்டில் ஏழாவது வரிசை அவளுடைய இடம். அவள் குரல் எதிர் கோல்கம்பம் வரை கேட்கும். நடுவர்களில் இரண்டு பேருக்கு அவள் வைத்த பட்டப்பெயர் இன்றும் அவர்களை விட்டுப் போகவில்லை.

அந்தக் கிளப்பை முதல் டிவிஷனுக்கு ஏற்றியவர் கோச் ரதோய். இருபத்திரண்டு வருஷம் கோச். வேறு ஊர்களில் இருபத்திரண்டு மாதம் ஒருவரை வைத்திருந்தால் அதிசயம். எப்போதும் ஒரே சாம்பல் நிறக் கோட்டு, வெயிலிலும் மழையிலும். வெற்றி என்றால் கத்துவதில்லை, தோல்வி என்றால் தலைகுனிவதில்லை. ஆட்டம் முடிந்ததும் நேராகச் செவ்தாவின் கடைக்கு வருவார். மனைவி நெவெனாவுக்குப் பூ வாங்கிக்கொண்டு நடந்தே பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போவார். ஜெயித்தால் ஏழு கார்னேஷன் பூ. சமமாக முடிந்தால் ஐந்து. தோற்றால் மூன்று.

இது ஊருக்கே தெரிந்த விஷயம். மைதானத்துக்குப் போகாத பெண்கள் பாலத்துக்கு அந்தப் பக்கம் பால்கனியில் துணி உலர்த்துகிற சாக்கில் நிற்பார்கள். கோச்சின் கையில் எத்தனை பூ என்று பார்த்து ஆட்டத்தின் முடிவை வீட்டுக்குள் அறிவிப்பார்கள். "அஞ்சு பூ! டிரா!" என்று மூன்றாம் மாடியிலிருந்து கீழ்மாடிக்குச் செய்தி இறங்கும்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை ரதோய் இரட்டைப்படையில் கேட்டார். பதினோரு வருஷத்துக்கு முன்பு, தோப்ரி இறந்த மறுநாள். கடை மூடியிருந்தது. பின்கதவைத் தட்டி, "நாலு குடும்மா" என்று மெதுவாகச் சொன்னார். தன் புருஷனுக்கான பூவைச் செவ்தாவே தன் கையால் எண்ணி அவருக்குக் கொடுத்தாள். நெவெனா அன்றிலிருந்து மூன்று நாள் அவளோடு தங்கி சூப் வைத்துக் கொடுத்தாள், கடை வாளிகளுக்குத் தண்ணீர் மாற்றினாள், அதிகம் பேசவில்லை. செவ்தா அதை மறக்கவே மாட்டேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

மறந்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்த வருஷம் பிரிஸ்தானுக்குப் போதாத காலம். வசந்தம் பிறந்ததிலிருந்து தொடர்ந்து ஆறு தோல்வி. மூன்று பூ, மூன்று பூ, மூன்று பூ. பால்கனிப் பெண்கள் எண்ணுவதையே விட்டுவிட்டார்கள். மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சொந்த மைதானத்தில், பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து நாலு கோல் போட்டார்கள். ஒன்றுகூட நாங்கள் திருப்பிப் போடவில்லை. மூன்றாம் டிவிஷன் வாசலில் வந்து நின்றது.

கிழக்கு ஸ்டாண்டு முழுக்க விசில். எங்கள் ஊரில் விசில் பாராட்டுக்கு அடிப்பதல்ல, காறித் துப்புவதற்குப் பதிலாக அடிப்பது. பிறகு யாரோ தொடங்கினார்கள், "ராஜினாமா! ராஜினாமா!" என்று. யாரோ என்ன யாரோ. ஏழாவது வரிசையில் எழுந்து நின்று முதலில் கத்தியவர்களில் செவ்தாவும் ஒருத்தி. தொண்டை கட்டிப்போகும் வரை கத்தினாள்.

கடைக்குத் திரும்பி அட்டையை எடுத்தபோதும் கோபம் அடங்கவில்லை. பக்கத்தில் சூரியகாந்தி விதைப் பொட்டலம் விற்கும் பென்யோவும், அவனைச் சுற்றி ஆறேழு ரசிகர்களும் நின்று, வாய்க்கு வந்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ரதோய் வந்தார். அதே சாம்பல் கோட்டு, அதே நடை.

"மூணு குடும்மா செவ்தா."

"மூணு எப்படி கோச் பத்தும்?" என்றான் பென்யோ. "வாங்கினது நாலாச்சே! செவ்தாக்கா, நாலு கோலுக்கு நாலு பூ. சரியா குடு!"

சிரிப்பு எழுந்தது. ரதோய் அவன் பக்கம் திரும்பவில்லை. கோட்டுப் பையில் சில்லறை தேடிக்கொண்டிருந்தார். அந்த நிதானம்தான் செவ்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே எரிகிறது, இந்த மனிதர் வழக்கம்போல வந்து பூக் கேட்கிறாரே என்று நினைத்தாள். வாளியிலிருந்து ஒன்று எடுத்தாள். இரண்டு. மூன்று. பிறகு நாலாவதை எடுத்து, பென்யோ பார்க்கும்படி கொஞ்சம் தூக்கிக் காட்டிவிட்டு மற்றதோடு சேர்த்தாள். தாளில் சுற்றாமலே நீட்டினாள்.

ரதோய் வாங்கினார். அவருடைய கண் ஒரு நொடி பூவின் மேல் நின்றது. "நன்றி" என்று சொல்லி நடந்தார். பென்யோ போனை எடுத்து, பூவும் கையுமாகப் போகிறவரைப் பக்கவாட்டில் ஒரு படம் பிடித்தான்.

"அக்கா, நீதான்கா ஆளு!" என்று ஒருவன் அவள் தோளைத் தட்டினான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தன் முகத்தில் எப்படி இருந்தது என்று பிறகு பல நாள் நினைத்து நினைத்துக் கூசினாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது அது அவளுக்கு உறைத்தது. பூ கோச்சுக்கு இல்லை. எந்தச் சனிக்கிழமையும் கோச்சுக்கு இருந்ததில்லை. பூ நெவெனாவுக்கு. நாலு கோல் வாங்கியதற்குச் சற்றும் சம்பந்தமில்லாத, தன் வீட்டில் மூன்று நாள் சூப் வைத்த மனுஷிக்கு, உயிரோடு இருக்கும்போதே செத்தவர்களின் பூவை எண்ணி அனுப்பியிருக்கிறாள்.

ஓடிப்போயிருக்கலாம். பாலம் தாண்டி எட்டு நிமிஷ நடை. "கை தவறிருச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லி, ஒரு பூவைத் திரும்ப வாங்கியிருக்கலாம். ஆனால் தன் கை தவறாது என்று முப்பத்தெட்டு வருஷமாக ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டவள் அல்லவா, அந்தப் பொய்க்கும் வழியில்லை. அவரே பார்த்து ஒன்றை எடுத்துவிடுவார் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கடையைப் பூட்டினாள்.

அவர் எடுத்துத்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை சந்தைக்குப் போகும் வழியில் பாலத்துக் கைப்பிடிக் கம்பிக்குள் ஒரு சிவப்பு கார்னேஷன் செருகியிருந்ததைச் செவ்தா பார்த்தாள். எறியவில்லை, ஒடிக்கவில்லை, காம்பு மடங்காமல் ஒழுங்காகச் செருகியிருந்தது. பால்கனிப் பெண்கள் கண்ணில் படுவதற்கு முன்னால், நெவெனா கதவைத் திறப்பதற்கு முன்னால், நின்று எண்ணி எடுத்திருக்கிறார். அதைத் தொடக் கை வராமல் பாலத்தின் மறுஓரமாக நடந்து போனாள்.

திங்கட்கிழமை மதியம் கிளப் வாசலில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். கோச் ரதோய் பதவி விலகுகிறார், வரும் சனிக்கிழமை ஆட்டமே கடைசி. காரணம் என்று ஒரு வரியும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஊர் அடித்த கூத்தைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை தொண்டை கிழியக் கத்திய ஊர், திங்கட்கிழமை சாயங்காலம் மூக்கைச் சிந்தியது. கோச் வீட்டு வேலியில் நீல வெள்ளை ஸ்கார்ஃப்களைக் கட்டினார்கள். "எங்களை விட்டுப் போகாதீங்க" என்று படுக்கை விரிப்பில் எழுதித் தொங்கவிட்டார்கள். "நானா? நான் கத்தவே இல்லையே! விசில்கூட அடிக்கத் தெரியாது எனக்கு" என்று ரொட்டிக் கடை வரிசையில் நின்றவர்கள் ஒருவர் விடாமல் சத்தியம் செய்தார்கள். இரண்டாயிரம் பேர் கத்தியது அந்த மைதானத்தில் தானாக எழுந்த சத்தம் போலிருக்கிறது.

யாரும் கத்தவில்லை என்றால் மனுஷன் ஏன் போகிறார்? அதற்கு ஒரு ஆள் வேண்டும். பென்யோ எடுத்த படம் ஞாயிறு முழுக்க எல்லாருடைய போனிலும் சிரிப்பாய்ச் சிரித்தது. செவ்வாய்க்கிழமை அதே படம் சாட்சியாகிவிட்டது. "நாலு பூ குடுத்து அனுப்பிச்சாளே, அந்தப் பூக்காரிதான்" என்றார்கள். பென்யோவே சொன்னான். "அக்கா, நான் சும்மா கிண்டலுக்குச் சொன்னேன். நீ நிஜமாவே குடுப்பேன்னு எனக்கென்ன தெரியும்?"

"படம் எடுத்தது யாருடா?"

"எடுத்தேன். எண்ணினது நீ."

செவ்தா வாளிகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வாரம் பிறந்தநாளுக்கு ஐந்து ரோஜா வாங்கிய ஒரு பெண், கடை வாசலிலேயே நின்று, உதடு அசைய எண்ணிவிட்டுப் போனாள்.

புதன்கிழமை கிளப் செயலாளர் மெத்தோதி வந்தான். பிரிவு நாளுக்குப் பூங்கொத்து வேண்டுமாம்.

"இருபத்திரண்டு ரோஜா செவ்தாக்கா. வருஷத்துக்கு ஒண்ணு. நீலத் தாள்ல சுத்திக் குடு."

"இருபத்திரண்டா? மனுஷன் உயிரோட இருக்காரு மெத்தோதி."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அய்யோ! பாரு, எவனுக்கும் தோணல." பிறகு அவளைச் சாய்வாக ஒரு பார்வை பார்த்தான். "நீயாக்கா இதைச் சொல்ற?"

செவ்தா கத்தரியை எடுத்தாள், மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"இருபத்து மூணா குடு. எதுக்கு ஒண்ணு அதிகம்னு கேட்டா ஏதாவது சொல்லிக்கலாம்," என்றான் மெத்தோதி. குரலைத் தாழ்த்தினான். "உனக்கு விஷயம் தெரியுமா? அந்தப் படம் ஸ்பெயின்ல வாலென்சியா வரைக்கும் போயிருச்சு. கோச்சோட மக இஸ்க்ரா அங்கதானே இருக்கா. அப்பா கைல நாலு பூ. வாரா வாரம் அம்மாவுக்குன்னு வாங்குற பூ. பாத்த உடனே அம்மா செத்துட்டாங்கன்னு நெனச்சுட்டா. எனக்கு மறைக்கிறீங்கன்னு போன்ல கத்தி அழுதிருக்கா. நெவெனாம்மாவே போனை வாங்கி, 'நான் உசிரோடதான்டி இருக்கேன்'னு பேசியும் நம்பலியாம். மூஞ்சியக் காட்டுன்னாளாம்."

"நெவெனாவுக்குத் தெரியாம இருக்கத்தானே அவரு ஒண்ண எடுத்து..." என்று தொடங்கிய செவ்தா பாதியில் நிறுத்தினாள்.

"கோச் என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. என்னப் பாத்து விசிலடிச்சா பரவால்ல, அதுக்குத்தான் சம்பளம். வீட்டுக்குள்ள வந்துட்டாங்க, இனி போதும்னாரு."

மெத்தோதி போகும்போது ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனான். கொத்தைச் செவ்தாவே மைதானத்துக்குள் கொண்டுவந்து கோச் கையில் கொடுக்க வேண்டும். "சீசன் டிக்கெட்ல நீதான் பழைய ஆளு. எல்லாரும் பார்க்கக் குடுத்துட்டா பேச்சு அடங்கிரும்." செவ்தா மறுக்கவில்லை. அங்கே எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று அன்றே முடிவு செய்தாள். கை தவறவில்லை, வேண்டுமென்றே கொடுத்தேன், மன்னிச்சுக்கங்க. மூன்றே வாக்கியம். சனிக்கிழமை வரை வாளிகளுக்கு முன்னால் நின்று அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. ஆட்டத்துக்கு முன் நடு வட்டத்தில் ரதோய் சாம்பல் கோட்டோடு நின்றார். நெவெனா வரவில்லை. இருபத்து மூன்று ரோஜாவோடு செவ்தா எல்லைக்கோட்டைத் தாண்டிப் புல்லில் கால் வைத்ததும் விசில் கிளம்பியது. அவளுடைய கிழக்கு ஸ்டாண்டிலிருந்து, அவளுடைய ஏழாவது வரிசையிலிருந்து.

"பூக்காரி, எண்ணிக் குடு!"

"நல்லா எண்ணிப் பாருங்க கோச்!"

இந்த விசிலை அவள் இத்தனை வருஷமாக அடித்திருக்கிறாள். அது தன் மேல் விழும்போது எப்படி இருக்கும் என்று முதல் தடவையாகத் தெரிந்தது. எப்படியோ போய்ச் சேர்ந்து கொத்தை நீட்டினாள். மெத்தோதி மைக்கைக் கோச் பக்கம் கொண்டுபோனான்.

ரதோய் கையை உயர்த்தினார். மைதானம் அடங்கியது.

"ஒரு விஷயம் சொல்லிடறேன்," என்றார். "அன்னிக்கு நாலு பூ கேட்டது நான்தான். எங்கப்பா அம்மா கல்லறைக்கு, ஆளுக்கு ரெண்டு. செவ்தா நான் கேட்டதைத்தான் குடுத்தாங்க. அவங்க கை தப்பாதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்."

பிறகு பெரிய பெருமூச்சு ஒன்று ஸ்டாண்டு ஸ்டாண்டாக இறங்கி வந்தது. கைதட்டல் எழுந்தது. "செவ்தா! செவ்தா!" என்று கத்தத் தொடங்கினார்கள். அவள் மேல் குற்றமில்லை என்றால் தங்கள் மேலும் இல்லை என்று ஆகிவிட்டது அல்லவா, அந்தச் சந்தோஷம். அன்று கடைமுன் நின்று சிரித்த ஆறேழு பேரும் தட்டினார்கள். அவர் கேட்டது மூன்று என்று காதால் கேட்ட பென்யோ எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான்.

மைக் அவளிடமிருந்து ஒரு முழ தூரத்தில் இருந்தது. மூன்று வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். ஊர் அவள் பேரைச் சொல்லிக் கொண்டாடிக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டாள். கையைக்கூட ஆட்டினாள், கிழக்கு ஸ்டாண்டைப் பார்த்து. அன்று நாலு பூ கொடுத்ததைவிட இதுதான் கேவலம் என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்தும் கை ஆடியது.

ஆட்டத்தில் பிரிஸ்தான் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. அவள் பார்க்கவில்லை. கடைக்குப் போய் பாதிக் கதவுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் அழுதுகொண்டே கலைந்தது. பென்யோகூடப் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். ரதோய் இனி வரமாட்டார் என்று நினைத்தாள், வரக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டாள்.

வந்தார். ரோஜாக் கொத்து கையில் இல்லை. கிளப்பிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார் போலும்.

"தோத்துட்டோம்," என்றார். "மூணு."

செவ்தா எழுந்தாள். சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது. "கோச், அன்னிக்கு நான் கை தவறிக் குடுக்கல. வேணும்னேதான் குடுத்தேன். அங்க சொல்லணும்னுதான் வந்தேன். வாய் வரல."

"தெரியும்மா. உனக்கு என்னிக்குக் கை தவறியிருக்கு?"

அந்தப் பாராட்டுக்குப் பதில் அவர் திட்டியே இருக்கலாம். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நெவெனா..." என்றாள்.

"அவ உன்னப் பத்தி ஒண்ணும் சொல்லல. இனிமே பூ வாங்கிட்டு வரவேண்டாம்னுட்டா. நான்தான் கடைசி ஆட்டமாச்சேன்னு வந்தேன்." அவர் கோட்டுப் பையிலிருந்து கையை எடுத்துக் கடைப் பலகையின் மேல் வைத்தார். கோபம் எதுவும் குரலில் இல்லை. "சத்தமா எண்ணிக் குடும்மா செவ்தா. எண்ணித்தான் வாங்கினேன்னு அவகிட்டச் சொல்லணும்."

முப்பத்தெட்டு வருஷத்தில் யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை. வாளிக்குள் கையை விட்டாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. ஒரு பூவை எடுத்துப் பலகையில் அவருக்கு முன்னால் வைத்தாள்.

"ஒண்ணு," என்றாள். போன வாரம் எதிர் கோல்கம்பம் வரை கேட்ட குரல் பலகையைத் தாண்டவில்லை. ரதோய் காதை முன்னால் கொண்டுவந்தார். அவள் மறுபடி சொன்னாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

மூன்றாவது பூவை வைத்த பிறகும் அவர் உடனே எடுக்கவில்லை. அவள் கை மறுபடி வாளிக்குள் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் பூவை எடுத்தார்.